ஜ இல்லாத வீடு

வாம்மா, உள்ள வா. செருப்பை அங்கேயே விட்டுடு, யாரும் எடுக்க மாட்டாங்க. நீதான அந்த ஆராய்ச்சி பண்ற பொண்ணு? உக்காரு, உக்காரு. அவரு முடிவெட்டிக்கப் போயிருக்காரு. போட்டோ எடுப்பேன்னு போன்ல சொன்னியாம்ல, அதான். போன வாரந்தான் வெட்டிக்கிட்டு வந்தாரு, மறுபடி ஓடியிருக்காரு. அங்க போனா லேசுல வரமாட்டாரு. சலூன்காரரு ஒரு பக்கம் வெட்டி முடிக்கிறதுக்குள்ள இவரு ஒரு கோட்டையைப் பிடிச்சு முடிச்சிருப்பாரு.

அந்தப் போனை எதுக்கு எடுத்து வைக்கிற? ஓ, பேசுறதைப் பிடிக்கவா? அவரு வந்தப்புறம் வச்சுக்கம்மா. நான் பேசுறதையெல்லாம் பிடிச்சு என்ன பண்ணப் போற, சார்ஜ்தான் போவும்.

என்ன கேக்கப் போற அவருகிட்ட? அந்தக் காலத்துப் பேச்சை எப்படிப் பிடிச்சீங்கன்னா? எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. கேளு. நெஞ்சை நிமித்திக்கிட்டு நல்லாப் பேசுவாரு. என்கிட்ட மட்டும் அந்தத் தூண்டாமணி பேச்சை எடுக்காத. எனக்கு அவளைப் பிடிக்காது.

பொறாமையா? எனக்கா? நல்லாக் கேட்ட போ. ஒரு வெங்கலப் பொம்மை மேல எனக்கென்ன பொறாமை? நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீயே சொல்லு.

எங்க வீட்டுக்காரரு பேரு தட்சிணாமூர்த்தி. அரிசிலாற்றான்கிறது கதை எழுத வச்சுக்கிட்ட பேரு. கூட்டுறவு சங்கத்துல உரம் விக்கிற வேலை. பகல்ல யூரியா, ராத்திரியில ராஜா ராணி கதை. அப்படியே பாதி ஆயுசு ஓடிப்போச்சு. ரிட்டயர் ஆனதும் பகலும் அவங்களுக்கே போச்சு. நான் டைப்ரைட்டிங் ஹையர் படிச்சவ, தமிழ்ல. அதைப் பாத்துத்தான் என்னைப் பொண்ணு கேட்டு வந்தாங்கன்னு எங்கக்கா இன்னைக்கும் கேலி பண்ணுவா. இவரு கையால எழுதுவாரு, நான் அடிச்சுக் குடுப்பேன். முன்னாடி மிஷின்ல, இப்ப பையன் வாங்கிக் குடுத்த கம்ப்யூட்டர்ல. இவரு எழுத்து இவருக்கே புரியாது, எனக்குப் புரியும்.

எம்பேரு கனகாம்புஜம். எங்கப்பா ஆசையா வச்ச பேரு. கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்சதோட சரி, இவரு வாயில அது வந்ததே கிடையாது. 'இந்தா'ம்பாரு. 'இந்தா, தண்ணி.' 'இந்தா, கண்ணாடி எங்க?' கோவமா இருந்தா 'இந்தாரு'. அவ்வளவுதான். எங்க காலத்துல எல்லாரும் அப்படித்தான், நான் அதைத் தப்புன்னு சொல்லல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இப்படி இருக்கப்ப ஒரு கூட்டத்துல இவரை மேடையில உக்கார வச்சிருந்தாங்க. தூண்டாமணிக்கு முந்தின நாவல் அப்பத்தான் வந்திருந்துச்சு. எல்லாரும் பேசி முடிச்சாங்க. ஒரு தமிழ் வாத்தியாரு எந்திரிச்சாரு. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு. "ஐயா, உங்க ராணி ஜன்னலைத் தொறந்துல்ல நிலாவைப் பாக்குறா. ஜன்னல்ங்கிறது பறங்கிக்காரன் கொண்டுவந்த சொல்லு. அவன் கப்பல் வர்றதுக்கு ஐநூறு வருசம் முன்னாடியே ராணி அதை யாருகிட்ட கத்துக்கிட்டா?" சபையே சிரிச்சுச்சு. நானும் லேசா சிரிச்சுட்டேன், இவரு பாத்துட்டாரு.

வீட்டுக்கு வந்தாரு, சாப்பிடல. மறுநாள்லேருந்து வீட்டுல ஒரு சட்டம். புதுத் தொடர் எழுதப் போறாராம், அது முடியிற வரைக்கும் அந்தக் காலத்துல இல்லாத சொல்லு இந்த வீட்டுல யார் வாயிலயும் வரக்கூடாதாம். யார் வாயில? இருக்கிறது ரெண்டு வாயி. வீட்டுல பழகுனாத்தான் எழுத்துல வரும்கிறாரு. ஜன்னல் கூடாது, சாளரம். சாவி கூடாது, திறவுகோல். மேசை, அலமாரி எல்லாம் பறங்கியாம். அலமாரிக்கு என்ன சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சாரு, ஒண்ணும் சரியா வரல, அதுலேருந்து துணி எடுக்குறதையே விட்டுட்டாரு. கொடியில கெடந்ததையே கட்டிக்கிட்டாரு. காப்பிக்குப் பேரே இல்ல. அதனால டம்ளரை மட்டும் நீட்டுவாரு, வாயைத் தொறக்க மாட்டாரு. பேரு சொல்லிக் கேக்கத்தான் கூடாதாம், குடிக்கலாமாம்!

அதுக்கு மேல எழுத்துலயும் சட்டம். ஜ, ஷ, ஸ, ஹ நாலும் இனிமே நம்ம பக்கத்துல வரக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. "குறிப்பா அந்த ஜ. என் மானத்தை வாங்குனது அதுதான்"ன்னாரு. நான் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எம்பேருல ஜ இருக்குல்ல? அது இவருக்கு ஞாபகம் இருந்து சொன்னாரா, இல்லாம சொன்னாரான்னு தெரியல. ஞாபகம் இருந்திருக்காது.

அப்புறந்தான் அவ வந்தா.

கதை உனக்குத் தெரியும், படிச்சிருப்ப. ஒரு கோயில்ல ஒரு பாவை விளக்கு. வெங்கலத்துல ஒரு பொண்ணு, ரெண்டு கையிலயும் அகலை ஏந்திக்கிட்டு நிக்கிறா. அவ முன்னாடி நின்னு நூறு வருசமா சனங்க சொன்ன ரகசியமெல்லாம் அவ காதுல இருக்கு. எண்ணெய் தீந்து சுடர் அணையிறப்போ உசிரு வந்து எறங்கி நடப்பா, விடிஞ்சா மறுபடி விளக்கு. பேரு தூண்டாமணி. அவளுக்கு ஒரு படைத்தலைவன், இளங்கண்டன்னு. அது ஒரு தடியன், அவனை விடு.

மாடியில நடந்துக்கிட்டே வசனத்தைச் சத்தமாச் சொல்லிப் பாப்பாரு. நான் கீழ இட்லிக்கு ஆட்டிக்கிட்டிருப்பேன். "நங்காய்! நின் திருமுகம் வாடியது ஏனோ?" அப்படீம்பாரு. எனக்கு இடுப்பு பிடிச்சு ஒரு வாரமா ஒருக்களிச்சு நடந்துக்கிட்டிருக்கேன், அதை ஏனோன்னு கேக்க ஆளில்ல. அவ மொகம் வாடுனதைக் கேக்குறாரு. வெங்கலம் எங்கயாவது வாடுமா? நீயே சொல்லு.

ஒரு நாள் கீழ எறங்கி வந்து, "இந்தா, கொஞ்சம் கூடத்துக்கு வா"ன்னாரு. கையில அகல் விளக்கைக் குடுத்து, ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு நில்லுன்னாரு. ஒரு பொம்பள எவ்வளவு நேரம் அப்படி நிக்க முடியும், எந்த எடம் முதல்ல வலிக்கும், அதைப் பாக்கணுமாம். நான் போயி மொகத்தைக் கழுவிப் பொட்டு வச்சுக்கிட்டு வந்து நின்னேன். எதிர்ல உக்காந்து என்னையே பாத்தாரு. கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிப் பாக்கலம்மா. எனக்குக் கை வலிக்கவே இல்ல. இன்னும் எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிப்பேன்னு தோணுச்சு. கடைசியில எந்திரிச்சுக் கிட்ட வந்தாரு. என் முழங்கையைத் தொட்டுப் பாத்தாரு. பாத்துட்டு, "ம்ஹூம், அவளுக்கு இப்படி மடியாது. அவ இன்னும் ஒல்லி"ன்னுட்டு மாடிக்குப் போயிட்டாரு.

விளக்கை எறக்கி வைக்கக்கூடச் சொல்லல. நானே வச்சேன்.

காப்பி குடிக்கிறியா? இரு, கேட்டுட்டே வா, இங்கேருந்தே சொல்றேன். சக்கரை எவ்வளவு? சரி.

தொடர் வர ஆரம்பிச்சுச்சு. சுத்தமான தமிழு, ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா பத்திரிகையிலேருந்து ஆசிரியரு போன் பண்ணுனாரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு, எனக்கும் கேட்டுச்சு. "சார், எல்லாம் கச்சிதமா இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு கல்வெட்டு படிக்கிற மாதிரியே பேசுறா. வாசகருங்க அகராதி கேக்குறாங்க. இன்னும் ரெண்டு மூணு வாரம் பாப்போம், இல்லேன்னா முடிச்சுக்கலாம்"ன்னாரு. இவருக்கு மொகம் செத்துப்போச்சு. என்ன பண்ணுனாருங்கிற? இன்னும் பழசா எழுதுனாரு! யாம், நுமக்கு, ஈண்டு. எனக்கே அடிக்கையில நாக்கு சுளுக்கிக்கிச்சு. பாவமாவும் இருந்துச்சு. இன்னொரு பக்கம், ரெண்டு வாரத்துல அவ வீட்டை விட்டுப் போயிடுவான்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். இருக்காதா?

அந்தச் சமயத்துல எங்கக்கா பொண்ணுக்குக் கல்யாணம், மன்னார்குடியில. ஐப்பசி மழை அடிச்சு ஊத்துது. எங்கப்பா அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது அக்கா ஒருத்திதான். புடவை எடுத்து, சீர் வாங்கி, எல்லாம் தயாரா வச்சுட்டு இவரைக் கூப்பிடுறேன். மாடியிலேருந்து எறங்கவே இல்ல. "எப்படி வர்றது? அவளைச் சிறையில வச்சிருக்கேன்"ங்கிறாரு.

எவளை? நான் கேக்கல. எனக்குத் தெரியாதா?

தனியாத்தான் போனேன். மண்டபத்துல ஒவ்வொருத்தரும், அவரு எங்க, அவரு எங்கன்னு. காய்ச்சல்னு சொன்னேன். எங்கக்கா மட்டும் என் மொகத்தைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம எலையில ரெண்டு அப்பளம் போட்டா. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல எனக்கு மேல ஒழுகுது. நனைஞ்சு நாறா வந்து கதவைத் தட்டுறேன், தொறக்குறாரு. சாப்பிட்டியா, கல்யாணம் நல்லா நடந்துச்சா, ஒரு வார்த்தை? கையில பேப்பரை நீட்டுறாரு. "இந்தா, நாளைக்கு அனுப்பணும். இதை அடிச்சிரு"ன்னாரு.

தலையைத் துவட்டிக்கிட்டு உக்காந்தேன். என்ன எழுதியிருக்காருன்னு பாக்குறேன். அந்தத் தடியன் சண்டைக்குப் போனவன் ஆறு மாசம் கழிச்சு வர்றான். ஒரு சேதி அனுப்பல, ஒரு ஆளை விடல. அவளை வச்சிருக்கிற சிறையில வந்து நிக்கிறான். இவ என்ன பண்றா? ஒரு பக்கத்துக்கு வரவேற்கிறா! வருக வெற்றித் திருமகனே, வாகை சூடிய தோள்களே, அப்படின்னு. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறுச்சும்மா. வெக்கங்கெட்டவளே, ஆறு மாசம் ஆளைக் காணும், உனக்கு ரோசம் வேணாம்? இந்தப் பவிசுக்காகவா எம்புருசன் எங்கக்கா வீட்டுக் கல்யாணத்தை விட்டாரு?

அந்த ஒரு பக்கத்தையும் நான் அடிக்கல. அதுக்குப் பதிலா வேற அடிச்சேன். இவ வாயைத் தொறந்தா எல்லாருக்கும் எரிச்சல் வரணும், சீ, இவ்வளவு வாயா இந்த விளக்குக்குன்னு சனங்க காறித் துப்பணும், பத்திரிகைக்காரங்க அவளைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளணும். அதுக்குன்னே அடிச்சேன். ஆனா சட்டத்தை மீறல. ஜ கிடையாது, ஷ கிடையாது, பறங்கி கிடையாது. 'நீங்க'ன்னு ஒரு ஆளை அந்தக் காலத்துல சொல்ல மாட்டாங்க, 'நீர்'தான்னு இவரு சொல்லிக் குடுத்திருந்தாரு. அதனால ஒவ்வொரு 'ங்க'வையும் எடுத்தேன். கல்யாணம் ஆனதுலேருந்து 'என்னாங்க, வாங்க, சாப்பிடுங்க'ன்னே பேசிப் பழகுன கையி. அந்த 'ங்க'வை எடுத்ததும் என்னமோ ஜாக்கெட் ஊக்கைத் தளத்திவிட்ட மாதிரி மூச்சு நல்லா வந்துச்சு.

எனக்கு அது மனப்பாடம். சொல்லட்டா?

"வந்தீரா?" அப்படீங்கிறா.

"வந்தேன்"ங்கிறான்.

"எண்ணெய் வற்றி எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா?"

"போரில் இருந்தேன்."

"நான் எங்கே இருந்தேன் என்று கேளும்."

"எங்கே இருந்தாய்?"

"வைத்த இடத்தில்."

அவ்வளவுதான். அதுக்கு மேல அடிக்க எனக்குக் கண்ணு தெரியல. மழையில நனைஞ்சதுல கண்ணு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அப்படியே அனுப்பிட்டேன்.

அந்தப் போன்ல என்னமோ செவப்பா மின்னுது பாரு. அமத்திட்டதானே? சரி சரி.

பத்திரிகை வந்த அன்னைக்கு நான் அடுப்படியிலேருந்து பாத்துக்கிட்டிருந்தேன். இவரு பக்கத்தைப் புரட்டிப் படிச்சாரு. திருப்பிப் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை படிச்சாரு. சரி, இன்னைக்கு வீடு ரெண்டாகப் போவுதுன்னு கரண்டியைக் கையில பிடிச்சபடியே நிக்கிறேன். பத்திரிகையை மடிச்சு வச்சுட்டு அடுப்படிப் பக்கம் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நான் ரசத்தைப் பாத்துக்கிட்டேன்.

அப்புறம் போன் அடிக்க ஆரம்பிச்சுச்சு பாரு. ஆசிரியரு, வாசகருங்க, எங்கேயோ வெளிநாட்டுலேருந்து ஒருத்தரு. எல்லாரும் என்ன சொன்னாங்கங்கிற? அந்தக் காலத்துப் பொம்பள இப்படித்தான் பேசியிருப்பா, இப்பத்தான் அவ குரல் கேக்குதுன்னு! கடைசியில அந்தத் தமிழ் வாத்தியாரே கூப்பிட்டாரு. "ஐயா, மன்னிச்சுக்குங்க. இந்தப் பேச்சை எந்தக் கல்வெட்டுல பிடிச்சீங்க? அந்த 'வைத்த இடத்தில்'ங்கிறது என்னைத் தூங்க விடமாட்டேங்குது"ங்கிறாரு. இவரு தொண்டையைச் செருமிக்கிட்டு, "கல்வெட்டுல இல்லீங்க... ரொம்ப வருசமா காதுல விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. நாந்தான் கவனிக்கல"ன்னாரு. எழுத்தாளருங்க பேசுறது எப்பவுமே இப்படித்தாம்மா, ஒண்ணும் வெளங்காது.

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். இவரு பேரைத் தட்டிக்கிட்டுப் போனதுக்கா? சேச்சே. எம்புருசன் பேரு எம்பேரு. எனக்கு ஆத்திரம் அவ மேல. அவளை விரட்டுறதுக்குப் பேசுன பேச்சை எடுத்து மாலையா மாட்டிக்கிட்டு மினுக்குறாளே! ஊரே அவளைக் கொண்டாடுது. யாரோ ஒரு பொண்ணு பொறந்த கொழந்தைக்குத் தூண்டாமணின்னு பேரு வைக்கலாமான்னு கேக்குறா. வச்சுக்கோடி, வச்சுக்கோ.

அதுக்கப்புறம் இவரு சுத்த சோம்பேறியாப் போயிட்டாரு. ஆமாம்மா, சொன்னா நம்பமாட்ட. கையெழுத்துப் பிரதியில அவ பேசுற எடத்துல எல்லாம் ரெண்டு விரக்கடை எடம் விட்டுடுவாரு. 'தூண்டாமணி'ன்னு எழுதி ரெண்டு புள்ளி வைப்பாரு, அப்புறம் வெறும் பேப்பரு. என்ன இதுன்னேன். "கை ஓடல. அடிக்கிறப்ப பாத்துக்க"ன்னாரு, என் மூஞ்சியைப் பாக்காம. எனக்கு அடுப்பு வேலை, துணி வேலை, அதோட இவ வேலையும் சேந்துச்சு. வேண்டாவெறுப்பா எனக்கு வாயில வந்ததை அடிச்சு விடுவேன். எவ்வளவு கடுகடுன்னு அடிச்சாலும் ஆஹாங்கிறாங்க. தடியன்கிட்ட அவளை ஒரு தடவை, "வீரத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாரும்"னு சொல்ல வச்சேன். அதை யாரோ ஆட்டோ பின்னாடி எழுதியிருந்தாங்களாம், இவரு வந்து சொல்றாரு.

அதை விடு, இதைக் கேளு. சாப்பிடுறப்ப எங்கிட்ட கேக்க ஆரம்பிச்சாரு. "ஒருத்தன் சொல்லாம கொள்ளாம மூணு நாள் போயிட்டு வந்தான்னா நீ என்ன சொல்லுவ?" முதல்ல எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. இத்தனை வருசத்துல, நீ என்ன சொல்லுவன்னு கேட்டதே கிடையாதே! சொன்னேன். சோத்துல வச்ச கை அப்படியே நிக்குது, என் வாயையே பாத்துக்கிட்டிருக்காரு. குழம்பு ஆறிப்போச்சு. "இன்னும் சொல்லு"ங்கிறாரு. நானும் எங்கேயோ பொத்தி வச்சிருந்ததெல்லாம் பேசுறேன். எங்கப்பா செத்தப்ப இவரு ஆபீஸ்ல ஆடிட்டுன்னு மூணாம் நாள் வந்தது, பையன் பொறந்தப்ப வந்து கொழந்தையைப் பாத்துட்டு என்னைப் பாக்காம போனது, எல்லாம். தலையைக் குனிஞ்சுக்கிட்டு கேட்டாரு.

மறுநாள் அடிக்கிறப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. ஓகோ, இது அவளுக்குத்தான் சங்கதி சேக்குறாரு. என்னை உக்கார வச்சுக் கேட்டது அவளுக்காக. ஆசை ஆசையாப் பேசுனேன் பாரு, என்னைச் சொல்லணும். அதுலேருந்து அவரு கேட்டா, "தெரியாது, சாப்பிட்டு எந்திரிங்க"ன்னுடுவேன். அப்பவும் உக்காந்திருப்பாரு, நான் ஏதாவது சொல்லுவேன்னு.

கடைசி அத்தியாயம் வந்துச்சு. அவளுக்கு ஒரு விதி இருக்குல்ல, தெரியும்ல உனக்கு? தூண்டாமணிங்கிறது விளக்கோட பேரு. வார்த்த கொல்லரு அவளுக்குன்னு ஒரு சொந்தப் பேரு வச்சிருக்காரு. அந்தப் பேரை யாராவது கேட்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்டா அவ பொம்பளையாவே இருந்துடலாம். நூறு வருசமா ஒருத்தரும் கேக்கல. அன்னைக்குத்தான் அந்தத் தடியனுக்குப் புத்தி வந்து, "உன் பெயர் என்ன?"ன்னு கேக்குறான். அப்புறம் 'தூண்டாமணி', ரெண்டு புள்ளி, வெறும் பேப்பரு. ஒரு முழுப் பக்கம் விட்டிருந்தாரு.

குடுக்குறப்ப, "இந்தா, இதை மட்டும் நிதானமா அடி. அவசரமில்ல"ன்னாரு.

நிதானமாத்தான் உக்காந்தேன். பேரு ஒண்ணு குடுத்தா அவ பொழைச்சுக்குவா. ஒரு நிமிசம், எம்பேரு சும்மாத்தான கெடக்கு, குடுத்துட்டா என்னன்னு வெரல் போச்சு. கன அடிச்சேன். கா அடிச்சேன். ம்பு அடிச்சேன். அடுத்தது ஜ. வெரலை எடுத்துட்டேன். இந்த வீட்டுல ஜ கூடாதுல்ல? அதோட, என் பேச்சு பூரா அவ எடுத்துக்கிட்டா, எம்புருசனோட ராத்திரி பகலை எடுத்துக்கிட்டா, மிச்சம் இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணு. அதையுமா தூக்கிக் குடுப்பேன்? அடிச்சதை அழிச்சேன்.

"இப்போதுதான் கேட்கத் தோன்றியதா?" அப்படின்னு மட்டும் அடிச்சேன். அதைச் சொல்லிட்டு அவ வெங்கலமாப் போயிட்டா. ஒழிஞ்சா.

நீ ஏம்மா கண்ணைத் தொடைக்கிற? ஊரே இப்படித்தான் அழுதுச்சு. எனக்கு ஒரு சொட்டு வரல.

அப்புறம் கேளு. அந்த அத்தியாயம் அச்சுல வந்த அன்னைக்கு இவரு மாடியில உக்காந்து படிச்சிருக்காரு. கீழ எறங்கி வந்தாரு. அடுப்படி நிலையில நின்னாரு. நான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருக்கேன். காப்பிக்குன்னு நெனச்சு டம்ளரை எடுத்தேன்.

"கனகாம்புஜம்"ன்னாரு.

மெதுவாத்தான் சொன்னாரு. ஒவ்வொரு எழுத்தா, கல்லுல நடக்குற மாதிரி. அந்த ஜ வர்றப்ப கொஞ்சம் தடுக்குச்சு, பழக்கம் இல்லல்ல? எதுக்கு இதுன்னு பாத்தேன். அப்புறம் புரிஞ்சுச்சு. அவதான் செத்துட்டாளே, அடுத்த தொடருக்கு ஆளு வேணும்ல? பேரு தேடுறாரு, சத்தமாச் சொல்லிப் பாக்குறாரு. அதுவும் எங்கிட்டயே வந்து!

நான் கீரையைப் பாத்துக்கிட்டே சொன்னேன். "இது வேணாங்க. வடமொழிப் பேரு, அதுல ஜ வேற இருக்கு. அந்தக் காலத்துல இப்படி யாரும் பேரு வச்சிருக்க மாட்டாங்க. அந்த வாத்தியாரு மறுபடி எந்திரிச்சுடுவாரு. வேற பாருங்க"ன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன்? மறுபடி சபையில சிரிக்க விடலாமா? இவரு கண்ணெல்லாம் என்னமோ மாதிரி ஆயிப்போச்சு. அவரே டம்ளரை எடுத்துக் கழுவி வச்சுட்டுப் போனாரு.

விட்டாராங்கிற? விடல. அன்னையிலேருந்து இதே வேலையாப் போச்சு. மாடிப்படியில நின்னு ஒரு தடவை, கெணத்தடியில ஒரு தடவை. எழுதுறதே இல்ல, பேரை மட்டும் சொல்லிப் பாக்குறாரு. ஒவ்வொரு தடவையும் எனக்கு வயித்துல பத்திக்கிட்டு வருது. எவளோ ஒருத்தி வரப்போறா, இந்தத் தடவை எம்பேரையே தூக்கிக்கிட்டு. அவளும் ஒல்லியாத்தான் இருப்பா. இப்பச் சொல்லு, இது பொறாமையா? ஒரு பொம்பளைக்கு இருக்கிறதே ஒரு பேரு, அதைக் காப்பாத்திக்கிறது பொறாமையா?

கேட்டு தொறக்குற சத்தம். வந்துட்டாரு. அந்தப் போனை இப்ப ஆன் பண்ணிக்க, முக்கியமானதெல்லாம் இனிமேதான். என்னது, முதல்லேருந்தே ஓடிக்கிட்டிருக்கா? அட, என்ன பொண்ணும்மா நீ. நான் பேசுனதை அழிச்சுடு, அவருக்கு எடம் வேணும்ல?

"கனகாம்புஜம்! ... கனகாம்புஜம், அந்தப் பொண்ணு வந்தாச்சா?"

கேட்டியா? வாசல்லேருந்தே அவளைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாரு. வெளியாளு வந்திருக்கேங்கிற வெக்கம் கூட இல்ல. நீ ஏன் என்னைப் பாக்குற, நீ பாட்டுக்குக் காப்பியைக் குடி. நான் எதுக்குப் போறது? என்னைக் கூப்பிடுறதா இருந்தா 'இந்தா'ன்னுல்ல கூப்பிடுவாரு.